மிஷன் கமாண்ட் கேள்வியில் நான் கோட்டைவிட்ட இடம்

பாதுகாப்பியல் எம்.ஏ. படிக்கும்போது மிஷன் கமாண்ட், அதாவது கட்டளைப் பரவலாக்கம் பற்றி 15 மதிப்பெண் கேள்வி வந்தது. தெரிந்த பாடம்தானே என்று மூன்று பக்கம் எழுதித் தள்ளினேன். மேலே இருப்பவர் நோக்கத்தைச் சொல்வார், கீழே இருப்பவர் வழியைத் தேர்ந்துகொள்வார், 1806-இல் யேனாவில் நெப்போலியனிடம் அடிவாங்கிய பிரஷ்யா பாடம் கற்றது, பிறகு பிரஷ்யப் படைத் தலைமை அதிகாரியான மோல்ட்கே அதை வளர்த்தார், இப்படியே போனது. கிடைத்தது 6. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "அப்படியானால் தளபதிக்கு என்ன வேலை?"

அதற்குப் பதில் தேடப் போய்த்தான் எனக்குப் பாடமே புரிந்தது. நெட் (NET) தேர்வு எழுதப் போகிறவர்களும் வரையறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஏதாவது ஒரு சண்டையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நான் எடுத்தது 1798 ஆகஸ்ட் 1, எகிப்தின் அபூகீர் விரிகுடா. 13 பெரிய பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் ஆழமில்லாத கரைப்பகுதியை ஒட்டி வரிசையாக நங்கூரமிட்டு நிற்கின்றன. ஆங்கிலேயர் பக்கம் முன்னால் போன கோலியாத் கப்பலின் கேப்டன் ஃபோலி, எதிரியின் முதல் கப்பல் நங்கூரத்தைச் சுற்றித் திரும்பவே தண்ணீர் இருக்கிறதென்றால் நம் கப்பல் நுழையவும் இருக்கும் என்று கணக்குப் போட்டு, தளபதி நெல்சனின் சமிக்ஞைக்குக் காத்திருக்காமல் கரைப்பக்கமாகப் புகுந்துவிட்டார். அந்தப் பக்கத்துப் பிரெஞ்சுப் பீரங்கிகள் சண்டைக்குத் தயாராகவே இல்லை. பின்னால் வந்த சில கப்பல்களும் அதே வழியில் நுழைந்தன. சண்டை முடிந்தபோது அந்த 13-இல் தப்பியவை இரண்டுதான்.

சரி, நெல்சன் என்ன செய்தார்? எதிரியைத் தேடி மத்தியதரைக் கடலில் அலைந்த வாரங்களிலேயே கேப்டன்களைத் தன் கப்பலுக்கு அழைத்து, எதிரி இப்படி நின்றால் என்ன, அப்படி நின்றால் என்ன என்று பேசிப் பேசி மண்டையில் ஏற்றியிருந்தார். தளபதியின் வேலை அதுதான். நான் எழுதாமல் விட்டதும் அதுதான்.

இந்த முறையின் மறுபக்கத்துக்கும் ஓர் உதாரணம் வேண்டும். 1870 ஆகஸ்ட் 6, பிரான்ஸ்-பிரஷ்யப் போரில் ஸ்பிகெரன். எதிரில் இருப்பது பின்வாங்கும் சிறு படை என்று நினைத்து பிரஷ்ய டிவிஷன் தளபதி காமெக்கே தாக்கினார், இருந்ததோ பல டிவிஷன்கள் கொண்ட ஒரு முழு பிரெஞ்சு கோர். பீரங்கிச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் படைகள் தாமாகவே ஓடி வந்து காப்பாற்றின. ஜெயித்தார்கள், ஆனால் பிரெஞ்சுக்காரர்களைவிட அதிக ஆட்களை இழந்து, மோல்ட்கே திட்டத்திலேயே இல்லாத ஒரு சண்டையில். கீழ்மட்டத் துணிச்சல் இழுத்துவிட்டது, அதே துணிச்சல்தான் மீட்டது. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

அபூகீர் வரிசையை ஒருமுறை கையால் வரைந்தும் பாருங்கள். கரையை எந்தப் பக்கம் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, நான் இரண்டு தடவை மாற்றிப் போட்டேன்.