'வெரி'யை விட்டு விலகுதல்

ஆங்கிலத்தில் எழுதப் பழகுகிறவர்களுக்கு 'வெரி டயர்ட்' என்பதற்கு 'எக்ஸாஸ்டட்', 'வெரி ஆங்ரி' என்பதற்கு 'ஃபியூரியஸ்' என்று மாற்றுச் சொற்களைப் பட்டியலிட்டுத் தரும் பதிவுகள் ஏராளம். பட்டியலில் பிழையில்லை, ஆனால் அதை மனப்பாடம் செய்தவர் அடுத்து எழுதுவது பல நேரங்களில் 'வெரி எக்ஸாஸ்டட்' என்றுதான் இருக்கிறது. உச்ச நிலையைத் தமக்குள்ளேயே கொண்ட இத்தகைய பெயரடைகளோடு 'வெரி' பொதுவாக ஒட்டாது. அழுத்தம் வேண்டுமென்றால் 'அப்ஸலூட்லி' பொருந்தும்.

என்னைக் கேட்டால், பெயரடைகளைவிட வினைச்சொற்களில் செலவிடும் உழைப்புக்கே பலன் அதிகம். 'வாக்' என்பதையே எடுத்துக்கொள்வோம். களைத்துப்போய்க் காலை இழுத்து நடந்தால் 'டிரஜ்', உல்லாசமாக உலாவினால் 'ஸ்ட்ரோல்', நீண்ட அடிகள் வைத்து உறுதியோடு நடந்தால் 'ஸ்ட்ரைட்', நொண்டினால் 'லிம்ப்'. 'ஹி வாக்ட் ஹோம் ஸ்லோலி' என்று எழுதினால், நடந்தவர் சோர்ந்திருந்தாரா, வேடிக்கை பார்த்தபடி வந்தாரா என்பது தெரிவதில்லை. 'ஹி டிரஜ்ட் ஹோம்' என்றால் அவருடைய அலுப்பு முழுவதும் அந்த ஒற்றை வினையிலேயே வந்துவிடுகிறது.

ஒரு பொருள் குறித்த பல சொற்கள் ஆங்கிலத்தில் பெருகியதற்கு வரலாறும் ஒரு காரணம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்களும், புலமை வழியாக இலத்தீன் சொற்களும் வந்து சேர்ந்தன. 'ஆஸ்க்' பழைய ஆங்கிலத்தது, 'குவெஸ்சன்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்டெராகேட்' இலத்தீனிலிருந்து எடுத்தது. மூன்றும் கேட்பதுதான் என்றாலும், நண்பரிடம் வழி விசாரித்ததை 'இன்டெராகேட்' என்று எழுதினால் அவரைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்ததுபோல் ஆகிவிடும்.

பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல் வெளியிட்ட தெசாரஸ், சொற்களைக் கருத்து வாரியாகத் தொகுத்தது. நிகண்டு புரட்டியவர்களுக்கு அந்த முறை புதிதன்று. ஆனால் எந்தச் சொல் எதோடு சேரும் என்பதைச் சொற்கூட்டம் மட்டும் காட்டிவிடாது. மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்' என்பது வழக்கு. இரண்டையும் இடம் மாற்றினால் வாக்கியம் இடறும். ஆகவே தெசாரஸில் கண்டெடுத்த சொல்லை, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் அகராதியில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

உரையாடல் எழுதும்போது மட்டும் 'சொன்னார்' என்று பொருள்படும் 'செட்' (said) என்ற சொல்லை அப்படியே விட்டுவிடலாம். அது இருப்பதே வாசகர் கண்ணில் படுவதில்லை. வரிக்கு வரி 'எக்ஸ்கிளெய்ம்ட்' (வியந்து கூவினார்), 'ரிட்டார்ட்டட்' (வெடுக்கென்று பதில் சொன்னார்) என்று மாற்றிக்கொண்டே போனால், பேச்சை விட்டுவிட்டு அந்த வினைகளையே வாசகர் கவனிக்கத் தொடங்கிவிடுவார்.