மணி அடிக்கும், குரல் வராது: டர்ன் எப்போது தேவை?

பெங்களூரு அல்சூரில் ஒரு பிஜி விடுதி வைஃபையிலிருந்து இணைய அழைப்பில் மதுரைக்குக் கூப்பிடுகிறார்கள். மணி அடிக்கிறது, அம்மா எடுக்கிறார், இரண்டு பக்கமும் மௌனம். மணியைக் கொண்டு சேர்த்தது சர்வர். குரல் பாக்கெட்டுகளோ இரண்டு போன்களுக்கும் நடுவே நேராகப் போகப் பார்க்கின்றன. பல கருவிகளை ஒரே வெளி ஐபி முகவரிக்குப் பின்னால் வைக்கும் ரவுட்டரின் நேட் (NAT) மறிப்பது அங்கேதான். அப்போது குரலை நடுவில் வாங்கிக் கடத்தும் ரிலே சர்வர்தான் டர்ன் (TURN).

வெளியே எந்த ஐபி, எந்த போர்ட்டாகத் தெரிகிறோம் என்று ஸ்டன் (STUN) சர்வர் சொல்லும். யாருக்கு அனுப்பினாலும் ரவுட்டர் அதே வெளிப் போர்ட்டைத் தந்தால் பெரும்பாலும் அதுவே போதும். சிமெட்ரிக் நேட் ஒவ்வொரு முகவரிக்கும் வேறு போர்ட் தரும், ஆகவே ஸ்டன் சொன்ன போர்ட் எதிர்முனைக்கு உதவாது. எதிர்முனை நேட், பாக்கெட் எந்த போர்ட்டிலிருந்து வருகிறது என்று பார்க்காத வகையென்றால் அப்போதும் நேராகப் பேசலாம். அதுவும் சிமெட்ரிக், அல்லது போர்ட்டையும் சரிபார்க்கும் வகை என்றால் டர்ன் ரிலே கட்டாயம். குரல் பாக்கெட்டுகள் வழக்கமாகப் போகும் யுடிபியை (UDP) அடைத்து வைத்திருக்கும் அலுவலகங்களுக்கும் நடைமுறையில் அதுவே வழி; அங்கே டர்னை 443-ஆம் போர்ட்டில் டிஎல்எஸ் (TLS) குறியாக்கத்தோடு வையுங்கள்.

ரவுட்டரின் வேன் (WAN, வெளிப்பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் சிஜிநேட், அதாவது இணைய நிறுவனமே பல வாடிக்கையாளருக்குப் பொதுவாக வைத்திருக்கும் நேட். அதை வைத்தே ரிலே வேண்டும் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே சாக்கெட்டிலிருந்து (ஒரே உள் போர்ட்டிலிருந்து), வேறு வேறு ஐபியில் இருக்கும் இரண்டு ஸ்டன் சர்வர்களைக் கேளுங்கள். போர்ட் மாறி வந்தால்தான் சிமெட்ரிக். இரு முனையிலும் ஐபிவி6 (நேட் தேவைப்படாத புதிய முகவரி முறை) இருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லையே இல்லை.

கோடர்ன் (coturn) என்ற டர்ன் சர்வர் மென்பொருளை நிறுவியும் குரல் வராவிட்டால் முதலில் இரண்டைப் பாருங்கள். டர்னின் 3478 போர்ட்டை மட்டும் திறந்துவிட்டு, ரிலே போர்ட்டுகளான 49152–65535 யுடிபியை கிளவுட் ஃபயர்வாலில் மறந்திருப்பார்கள். அல்லது கோடர்ன் அமைப்பில் சர்வரின் வெளி முகவரியைச் சொல்லும் எக்ஸ்டர்னல்-ஐபி (external-ip) வரி விடுபட்டிருக்கும். அப்போது எதிர்முனைக்குச் சொல்லும் ரிலே முகவரியாக (ரிலே கேண்டிடேட்) 10 அல்லது 172 என்று தொடங்கும் உள்முகவரி போகும், இணையத்தில் அதற்கு வழியே கிடையாது. பிரவுசர் அழைப்புகளுக்கான வெப்ஆர்டிசியில் (WebRTC) ஐஸ்டிரான்ஸ்போர்ட்பாலிசி (iceTransportPolicy) அமைப்பை 'ரிலே' என்று வைத்துச் சோதித்தால் டர்ன் வேலை செய்கிறதா என்பது உடனே தெரியும். சோதனை முடிந்ததும் 'ஆல்' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லா அழைப்பும் ரிலே வழியே ஓடும்.

அதற்குக் காசு ஆகும். ஜி.711 என்ற குரல் கோடெக்கில் ஓர் அழைப்பு, 20 மில்லிசெகண்ட் பாக்கெட்டில், தலைப்புகளோடு ஒரு திசைக்கு 80 கேபிபிஎஸ். இரு திசையும் சேர்த்து ரிலேக்குள் 160 வரும், 160 போகும். 100 அழைப்பு என்றால் உள்ளே 16 எம்பிபிஎஸ், வெளியே 16. இடமும் முக்கியம்: பெங்களூருக்கும் மதுரைக்கும் நடுவே பேச ரிலேயை சிங்கப்பூரில் வைத்தால் ஒவ்வொரு சொல்லும் கடல் தாண்டிப் போய்த் திரும்பும். மும்பை டேட்டா சென்டரிலேயே வையுங்கள்.