அல்சர்னு சொல்லிக்கோங்க

அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான். டாக்டர் சொல்லவில்லை, வார்டு சிஸ்டர் சொல்லவில்லை. எண்டோஸ்கோப்பி முடிந்து, தொண்டை மரப்பு தெளியாமல் வெளியே உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் காதருகே குனிந்து, எண்டோஸ்கோப்பி அறை நர்ஸான நான்தான் சொன்னேன்.

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், 52 வயது. பல வருடச் சர்க்கரை. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, அது இறுகிச் சுருங்குகிறவரை வெளியே ஒன்றும் தெரியவில்லை. தார் மாதிரி கறுப்பாக மலம் போய், மயங்கி விழுந்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டி வந்தார்கள். டாக்டர் கண்மாயை வைத்து விளக்கினார். மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கரையில் பலவீனமான இடத்தைத் தேடும் இல்லையா, அப்படித்தான் ஈரலுக்குள் போக முடியாத ரத்தம் உணவுக்குழாயின் ரத்த நரம்புகளில் ஏறி அவற்றை வீங்க வைத்திருக்கிறது என்றார். அந்த அம்மா தலையாட்டினார்.

அன்று நான்கு பேண்டு போட்டோம். ஸ்கோப் நுனியில் உள்ள மூடிக்குள் நரம்பை உறிஞ்சும்போது திரை முழுக்கச் சிவந்துவிடும். கைப்பிடியில் உள்ள சக்கரத்தைத் திருப்பினால் கறுப்பு ரப்பர் வளையம் நழுவி அதன் கழுத்தில் இறுகும். உறிஞ்சுவதை விட்டதும் நாவல்பழம் போல ஒன்று தொங்கும். நான்காவது பேண்டு போடும்வரை அவர் என் சுண்டுவிரலை விடவே இல்லை.

வெளியே வந்து உட்கார்ந்ததும் கேட்டார்.

"ஊருல கேட்டா என்னண்டு தாயி சொல்றது? ஈரல் கெட்டுப்போச்சுன்னா நான் குடிச்சேன்னுல பேசுவாய்ங்க. மகளுக்கு வேற இப்பத்தான் மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம்."

"அல்சர்னு சொல்லிக்கோங்கம்மா," என்றேன்.

அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அதனாலேயே அந்த நேரத்தில் அது சரியான பதிலாகத்தான் எனக்குப் பட்டது. பொய்யும் இல்லையே. பேண்டு ஐந்து முதல் பத்து நாளில் உதிர்ந்துவிடும், உதிர்ந்த இடத்தில் புண் இருக்கும். புண் என்றால் அல்சர். சொல்ல வேண்டிய மற்றதையும் சொன்னேன். கஞ்சி, நன்றாகக் குழைந்த சாதம், முறுக்கு மாதிரி கடினமானது கூடாது, அந்த நரம்புகளில் அழுத்தம் குறைக்கும் ‘புரோப்பிரனலால்’ மாத்திரையை விடக் கூடாது, மூன்று வாரத்தில் மறுபடி வர வேண்டும், ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ வந்தால் உடனே வர வேண்டும். எல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் கணவர் அப்போது பில் கட்டும் இடத்தில் நின்றிருந்தார்.

ஒன்பதாம் நாள் ராத்திரி ரத்த வாந்தி. கணவர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். மகளும் பக்கத்து வீட்டுக்காரரும் அருகில் இருந்த ஒரு கிளினிக்குக்குக் கொண்டு போனார்கள். என்ன வியாதி என்று கேட்டதற்கு அந்தப் பெண் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அம்மாவுக்கு அல்சர். டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவுக்குள், சேலைக்கு அடியில் இருந்திருக்கிறது. அல்சர் ஊசி போட்டு, டிரிப் ஏற்றி விடியும்வரை வைத்திருந்தார்கள். விடிந்து இன்னொரு வாந்தி. 108-இல் எங்களிடம் வந்தபோது கண்ணின் கீழ்ச்சதை காகிதமாக வெளுத்திருந்தது.

அந்த கிளினிக் டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேண்டு உதிர்ந்த புண்ணிலிருந்துதான் ரத்தம் வந்திருந்தது. அதே அல்சர் ஊசியை நாங்களும் போட்டோம். ஆனால் ஈரல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே வண்டி ஏற்றியிருப்பார்கள். ரத்தக்கசிவை அடக்கும் டெர்லிபிரசின் ஊசி, ஆன்டிபயாடிக், ரத்தம் எல்லாம் ராத்திரியே ஆரம்பித்திருக்கும். இந்த நரம்பு வெடித்து வருகிறவர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேர் வரை ஆறு வாரத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். அதில் பத்து மணி நேரம் போனது என்ன கணக்கு? புண் எப்படியும் கசிந்திருக்கும் என்று ஒரு நாள் நினைக்கிறேன். கசிந்தது வேறு, காத்திருந்தது வேறு என்று மறுநாள் நினைக்கிறேன்.

இரண்டு நாள் அவருக்கு மகளையே அடையாளம் தெரியவில்லை. குடலில் தங்கிய ரத்தம் மூளையைக் குழப்பியிருந்தது. லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி கொடுத்து, மலம் போகப் போகத் தெளிந்தார். ஐசியு வாசலில் அந்தப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்கு அல்சர்தானே சிஸ்டர்? எதுக்கு ஈரல் டாக்டர் வர்றாங்க?"

டாக்டர் சொல்வாங்கம்மா என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். முதல் பேச்சைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. முதல் பேச்சை இரக்கத்தில் சொன்னேன். இதைப் பயத்தில் சொன்னேன்.

அவர் பிழைத்தார். அப்புறம் அடுத்த பேண்டிங்குக்கு மகளோடு வந்தார். பெண்ணுக்கு இப்போது எல்லாம் தெரியும். மாத்திரை பெயர்கூட மனப்பாடம். நல்லதுதானே என்று நான் சமாதானம் தேடிக்கொண்டிருந்தபோது, இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தபடி அந்த அம்மா சொன்னார்.

"ஆஸ்பத்திரில பாக்க வந்தவுங்க வெளிய போயி சொல்லிட்டாய்ங்க தாயி. அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரவுக அதுக்கப்புறம் வரல."

குறையாகச் சொல்லவில்லை. நிலவரம் சொல்வது போலத்தான் சொன்னார். தொண்டை மரக்க அடிக்கும் ஸ்பிரே என் கையில் இருந்தது. மகள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. வாயைத் திறங்கம்மா என்றேன். திறந்தார்.