பழைய டிராம்போன் வாங்குவது என்றால் ஸ்லைடை வாங்குவதுதான்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நான் வாசிக்கும் பிக் பேண்டில், அதாவது பெரிய ஜாஸ் குழுவில், 17 பேர் இருக்கிறோம். எங்களில் நால்வர் டிராம்போன் என்ற நீண்ட பித்தளை ஊதுகருவியை வாசிப்பவர்கள். என்னுடையது இரண்டாவது நாற்காலி. சென்ற ஆண்டு வரை, சிம்பொனி இசைக்கென்று வாங்கிய 0.547 அங்குலத் துளையுள்ள பெரிய டிராம்போனையே அங்கும் எடுத்துச் சென்றேன். மெதுவான பாடல்களில் அதன் ஒலி அவ்வளவு இனிமையாக இருக்கும். ஆனால் டிரம்பெட்டுகளோடு சேர்ந்து சட்டென்று வெட்டி நிறுத்த வேண்டிய இடங்களில் என் ஒலி மட்டும் அகன்று, ஓர் இமைப்பொழுது பின்தங்கி வந்தது. அதை ஈடுகட்ட வலிந்து ஊதியதில் ஒத்திகையின் இரண்டாம் மணி நேரத்திலேயே உதடு தளர்ந்துவிடும். நடுத்தரத் துளையுள்ள பழைய டிராம்போன் ஒன்றைத் தேடுவது என்று அதன் பிறகுதான் முடிவு செய்தேன். தேடலில் ஒரு குளிர்காலம் முழுவதும் கழிந்தது.

சுரத்தை மாற்ற முன்னும் பின்னும் நகர்த்தும் குழாய்ப் பகுதிதான் ஸ்லைடு; நிலையான இரண்டு உள்குழாய்களின் மேல் இரு கால்கள் கொண்ட வெளிக்குழாய் ஓடும். துளை அளவு என்பது அந்த உள்குழாயினுடைய உட்புற விட்டம். ஜாஸ் வாசிப்பவர்கள் பலர் விரும்பும் சிறிய துளை 0.500 அங்குலமோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருக்கும். இன்றைய சிம்பொனிக் குழுக்களின் பெரிய துளை 0.547, இரண்டுக்கும் நடுவே 0.508 முதல் 0.525 வரை உள்ளவற்றை நடுத்தரம் என்பது வழக்கம். 0.508க்கும் 0.547க்கும் இடையே ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் குழாயின் குறுக்குப் பரப்பைக் கணக்கிட்டுப் பார்த்தால் பெரியது ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுதலாக இருக்கிறது. உதடும் மூச்சும் அதை முதல் சுரத்திலேயே உணர்ந்துவிடுகின்றன. அதற்காகத் துளை எண்ணை மட்டும் பார்த்து ஒலியை ஊகித்துவிடவும் முடியாது. உதடு வைத்து ஊதும் மவுத்பீஸைச் செருகும் இடத்துக்கு அடுத்துள்ள சிறு குழாயின் கூம்பு, கருவியின் அகன்ற வாயான பெல்லின் விரிவு, அதன் தகட்டுத் தடிமன் ஆகிய மூன்றும் ஒலியில் பங்கு கேட்கின்றன.

என் பட்டியலில் மூன்று மாடல்கள் இருந்தன. முதலாவது 0.508 அங்குலத் துளையுள்ள கிங் 3பி. ஹெண்டர்சன் வைட் என்பவர் 1893இல் இதே கிளீவ்லாந்தில் தொடங்கிய எச்.என். வைட் நிறுவனத்தின் படைப்பு அது. தொடக்ககால டிராம்போனை வடிவமைக்க உதவிய தாமஸ் கிங் என்ற இசைக்கலைஞரின் பெயரே 'கிங்' ஆயிற்று. புகழ்பெற்ற ஜாஸ் டிராம்போன் கலைஞர் ஜே.ஜே. ஜான்சன் வாசித்த மாடல் என்பதால் ஜாஸ் உலகில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. நிறுவனம் 1965இல் கைமாறி, தொழிற்சாலை ஈஸ்ட்லேக்குக்குச் சென்றுவிட்டதால், பெல்லில் 'கிளீவ்லாந்து' என்று பொறித்திருப்பவற்றைத் தேடி வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டாவது, இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட்டில் செய்யப்பட்ட கான் 78எச், துளை 0.522. கான் நிறுவனம் 1970 வாக்கில் டெக்சஸின் அபிலீனுக்கு இடம்பெயர்ந்தது. அதற்கு முந்தைய எல்கார்ட் கருவிகளுக்கே நாட்டம் அதிகம். மூன்றாவது, 0.525 துளையுள்ள பாக் 36. வின்சென்ட் பாக் நியூயார்க்கிலும் பிறகு மவுண்ட் வெர்னனிலும் நடத்திய தொழிலை 1961இல் செல்மர் நிறுவனத்துக்கு விற்றார். ஊர்ப் பெயரை வைத்து விலை ஏறுவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நல்ல ஊரில் பிறந்த டிராம்போனும் கெட்ட கைகளில் ஐம்பது ஆண்டுகள் இருந்திருந்தால் அந்தப் பெயர் அதைக் காப்பாற்றாது.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். தேடலின் தொடக்கத்தில், பழைய கருவிகள் விற்கும் ஒரு கடையில் புத்தம் புதியது போல மின்னிய டிராம்போன் ஒன்றைக் கண்டேன். ஸ்லைடு சற்று இறுக்கமாக இருப்பதைச் சொன்னபோது, எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்றார்கள், நம்பி வாங்கினேன். பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றபோது அவர் முதலில் பெல்லின் பொறிப்பைத்தான் காட்டினார். எழுத்துகளின் விளிம்பு மழுங்கிக் கிடந்தது. லாக்கர் என்ற பளபளப்பான பாதுகாப்புப் பூச்சை மறுபடி பூசுவதற்காகச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்ததில் தகடே மெலிந்திருந்தது. ஸ்லைடின் உள்குழாயில் முலாம் போய்விட்டதால், அதைச் சீராக்கும் செலவு நான் கொடுத்த விலையைத் தாண்டும் என்றார். கடைக்காரர்கள் திரும்பப் பெற மறுத்துவிட்டார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அந்தப் பளபளப்பு குறையை மறைப்பதற்கென்றே பூசப்பட்டிருந்தது.

அதன் பிறகு எந்த டிராம்போனைப் பார்த்தாலும் பெல்லை ஒதுக்கி வைத்துவிட்டு ஸ்லைடிலிருந்தே தொடங்கினேன். வெளிக்குழாயை உருவிவிட்டு, உள்குழாய்கள் இரண்டையும் துணியால் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். அவற்றின் கீழ் நுனியில் அரைச் சாண் நீளத்துக்குக் குழாய் மயிரிழை அளவு தடித்திருக்கும். அதை ஸ்டாக்கிங் என்பார்கள். வெளிக்குழாயோடு பொருந்தி ஓட வேண்டியது இந்தப் பகுதிதான். அதன் வெள்ளி நிற முலாமுக்குள்ளிருந்து பித்தளையின் மஞ்சள் எட்டிப் பார்த்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது என்று பொருள். பிறகு குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மெல்லச் சுழற்றும்போது, ஜன்னல் சட்டத்தின் பிம்பம் நுனி வரை நேர்க்கோடாக ஓட வேண்டும். அந்தக் கோடு எங்கே நெளிகிறதோ அங்கே வளைவோ ஒடுக்கோ இருக்கிறது.

அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. வெளிக்குழாயின் ஒரு காலை மட்டும் அதற்குரிய உள்குழாயில் செருகி, மற்றொரு காலை வெளியே பக்கவாட்டில் விட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு மறுகாலையும் அதேபோல. ஒரு கால் தனியாகவே உரசினால் குறை அந்தக் குழாயில் இருக்கிறது. இரண்டும் தனித்தனியே வழுக்கிக்கொண்டு ஓடி, சேர்த்துப் போட்டதும் இறுகினால், குழாய்கள் கெட்டுப்போகவில்லை, அவை இணையாக நிற்கவில்லை என்று பொருள். தேர்ந்த கை ஒன்று அதைப் பெரிய செலவில்லாமல் நிமிர்த்திவிடும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால், பிறர் வேண்டாமென்று ஒதுக்கிய நல்ல டிராம்போனைக் குறைந்த விலைக்கு வாங்கவும் முடியும். கடைசியாக, முழு ஸ்லைடையும் சேர்த்து, பெல் பக்கத்து வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மறுபக்கம் மெல்ல ஊதினால் காற்று ஏறக்குறைய முழுவதும் தடைபட வேண்டும். நீர் வெளியேற்றும் சாவியின் தக்கையில் மட்டும் கசிந்தால் கவலை இல்லை. புதுத் தக்கை சில நிமிட வேலை.

குழாய்களில் வேறொரு நோயும் உண்டு. பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். புளிப்பு உலோகத்தை அரித்துக் குழம்பைக் கெடுத்துவிடும். ஆண்டுக்கணக்கில் எச்சிலும் ஈரமும் தேங்கும் குழாயிலும் அதற்கு நெருங்கிய ஒன்றுதான் நடக்கிறது: பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேற, செம்பு மட்டும் சல்லடை போல மிஞ்சுகிறது. வெளியே அது இளஞ்சிவப்புப் புள்ளியாகத் தெரியும். நடுவில் கரும்புள்ளி இருந்தால் அரிப்பு உள்ளிருந்து வந்துவிட்டது. அந்தக் குழாயை மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

மிகப் பழையவற்றை, குறிப்பாக 1920களுக்கு முந்தியவற்றைப் பார்ப்பவர்கள் சுருதியையும் சோதித்துவிட வேண்டும். ஏ சுரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வுகள் என்ற இன்றைய வழக்கத்துக்கு மேலான உயர் சுருதிக்கென்று செய்யப்பட்டவை இன்னமும் சந்தையில் வருகின்றன. சுருதி சேர்க்க இழுக்கும் வளைகுழாயான ட்யூனிங் ஸ்லைடை எவ்வளவு இழுத்தாலும் அவை சேர்ந்து வாசிக்க உதவா. மவுத்பீஸைப் பொறுத்தவரை, நான் பார்த்த மூன்று மாடல்களுக்கும் குழாயில் செருகும் தண்டு சிறியதாக உள்ளதே பொருந்தும். பெரிய டிராம்போனின் மவுத்பீஸ் இவற்றில் உட்காராது.

ஓய்வு பெற்ற இசை ஆசிரியர் ஒருவரிடம் இருந்த கான் 78எச் நான் கேட்டவற்றிலேயே அழகான ஒலி கொண்டது. தனியாக வாசிப்பதாயிருந்தால் அதையே எடுத்திருப்பேன். ஆனால் அதன் கீழ்க்கால் தனியாகவே உரசியது. பாக் 36இன் ஸ்லைடில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒலிதான் என்னிடம் ஏற்கெனவே இருக்கும் பெரியதற்கு மிக அருகில் இருந்தது. கிங் 3பியின் தோற்றமோ மூன்றிலும் மோசம்: கைப்பிடியில் லாக்கர் முழுவதும் போயிருந்தது, பெல்லில் பழைய மடிப்பு ஒன்றை நிமிர்த்திய தழும்பு, ட்யூனிங் வளைவில் கொட்டைப்பாக்கு அளவு ஒடுக்கு. ஆனால் ஸ்லைடின் பூட்டை விடுவித்துச் சரித்ததும் வெளிக்குழாய் ஓசையின்றி இறங்கி வந்தது. முலாம் இரண்டு ஸ்டாக்கிங்குகளிலும் முழுதாக இருந்தது. பெல்லில் 'கிளீவ்லாந்து, ஒஹையோ' என்ற எழுத்துகள் விரல் நகத்துக்குத் தட்டுப்படும் அளவு கூர்மையாக இருந்தன.

அதையே வாங்கினேன். பழுது பார்ப்பவர் உட்புறத்தைக் கழுவி, தக்கையை மாற்றினார். ஒடுக்கை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, ஒலியிலோ சுருதியிலோ தடுமாற்றம் தெரிகிறதா என்று வாசித்துக் காட்டச் சொன்னார்; கீழ் பி-பிளாட்டிலிருந்து இரண்டு ஸ்தாயிகள் ஏறிக் காட்டினேன். அப்படியே இருக்கட்டும் என்று பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டார்.