பாலுக்குள் ஒரு பல்

நேற்றுப் பின்னேரம் கல்லடி கடற்கரையில் கிரிக்கெட். பந்து பட்டு மருமகனின் முன்பல் வேரோடு மணலில் கிடக்கிறது. 12 வயது, நிரந்தரப் பல். (பாற்பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது.) அக்கா அதை எடுத்துச் சேலைத் தலைப்பால் தேய்க்கப் போனா. "ஐயோ அக்கா, வேரைத் தொடாதீங்க!" என்று வாங்கி, வாயில் வெளியே தெரியும் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து, கடையில் வாங்கிய சீனி போடாத பாலுக்குள் போட்டேன். வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் வேரிலுள்ள உயிரணுக்கள் செத்துவிடும்.

அப்புறம் ஓட்டோ. அரை மணித்தியாலத்துக்குள் வைத்தால் பல் ஒட்டும் வாய்ப்பு அதிகம், பாலத்திலோ நெரிசல். 40 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். பல் வைத்தியர் அதைத் திரும்ப வைத்து, பக்கத்துப் பற்களோடு கம்பியால் கட்டிவிட்டார்.

2 கிழமைக்குக் கஞ்சிதான். மருமகனின் கவலையோ வேறு: தான் அவுட்டா இல்லையா?