ஓஎம்617 – சீரீஸ் 3: அடாப்டர் தட்டு மையத்துக்கு வந்தது

பழைய பெட்ரோல் இன்ஜினுக்குப் பதிலாக டீசல் ஏற்றும் வேலை இது. இன்ஜினின் கிராங்க்கில் (சுழல் தண்டில்) மாட்டிய டயல் கேஜின், அதாவது நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவியின், முள் முழுச் சுற்றுக்கு 0.08 மி.மீ.தான் ஆடுகிறது. லேண்ட் ரோவர் சீரீஸ் 3 கியர்பாக்ஸுக்கும் மெர்சிடிஸ் ஓஎம்617 டர்போ டீசலுக்கும் நடுவே வரும் அடாப்டர் தட்டு ஒருவழியாக மையத்தில் உட்கார்ந்துவிட்டது. மவுண்ட், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் வெல்டிங்கில் தீரும் வேலை. இது அப்படித் தீராது.

தட்டு ரெடிமேடாக வந்தது. போல்ட்கள் எல்லாம் சிரமமில்லாமல் இறங்கின. அதை நம்பி முடுக்கியிருந்தால் கியர்பாக்ஸ் போயிருக்கும், ஏனென்றால் முதல் அளவு 0.46. ஆட்டத்தில் பாதிதான் விலகல், அதாவது மையம் 0.23 மி.மீ. தள்ளியிருந்தது. இந்த விலகலோடு ஓட்டினால் ஸ்பிகாட் புஷ் (கிராங்க் முனையில் இன்புட் ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) முட்டை வடிவில் தேயும், கிளட்ச் தட்டின் நடுப்பகுதி கிழியும், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் இரையும், நாலாவது கியர் தானாகக் கழன்று வரும். பழி கடைசியில் கியர்பாக்ஸ் மேல் விழும். அளக்கவே தேவையில்லை என்று சொல்லி விற்கிறார்களே, அது எனக்குக் கோபம் வரவழைக்கிறது.

அளக்கும் முறை: டவல் பின் (இடம் நகராமல் பிடிக்கும் ஊசி) இல்லாமல் தட்டையும் பெல் ஹவுசிங்கையும் (கிளட்சை மூடும் கூடு) இன்ஜினில் முழு முறுக்கில் இறுக்க வேண்டும். அரைகுறையாக இறுக்கி அளந்தால் பிறகு முடுக்கும்போது தட்டு நகரும். கேஜை கிராங்க் ஃப்ளேஞ்சில் பிடித்து, முனையை இன்புட் ஷாஃப்ட் பேரிங் உட்காரும் துளைக்குள் வைத்து, 90 டிகிரிக்கு ஒருமுறை குறிக்க வேண்டும். அமுக்க விகிதம் 21.5:1 என்பதால் ஐந்து க்ளோ ப்ளக்கையும் கழற்றினால்தான் கிராங்க் சீராகச் சுற்றும்.

பலரும் விட்டுவிடும் விஷயம், கேஜைத் தாங்கும் ஸ்டாண்டின் கம்பி தொய்வது. மேலே இருக்கும்போது ஒரு மாதிரியும் கீழே போனதும் வேறு மாதிரியும் வளையும், அதனால் மேல்-கீழ் அளவில் பொய் சேரும். அதே அமைப்பை ஒரு தடித்த இரும்புத் தண்டில் மாட்டி, முனையைத் தண்டின் மேலேயே வைத்துத் தலைகீழாகச் சுழற்றினால் தொய்வு எவ்வளவு என்று தெரியும். அதைக் கழித்த பிறகு வருவதுதான் உண்மையான அளவு. முகப்பு ஆட்டத்தையும், அதாவது ஹவுசிங்கின் முகம் சாய்ந்திருக்கிறதா என்பதையும், பார்க்க வேண்டும். அப்போது ஒவ்வொரு நிலையிலும் கிராங்கை ஒரே பக்கம் தள்ளிப் பிடிக்காவிட்டால் அதன் முன்பின் இடைவெளியும் அளவில் கலந்துவிடும்.

போல்ட்டை லேசாகத் தளர்த்தி, நைலான் சுத்தியால் தட்டி, இறுக்கி, மறுபடி அளந்துதான் இந்த 0.08 வந்தது. 0.15-க்குள் இருந்தால் எனக்குப் போதும். இறுக்கிய நிலையிலேயே 9.8 மி.மீ. துளை போட்டு 10 மி.மீ. ரீமர் (துளையைத் துல்லியமாக்கும் கருவி) விட்டு இரண்டு டவல் பின் அடித்தாயிற்று. கைட் இல்லாமல் கை ட்ரில்லில் இதைச் செய்யவே கூடாது, துளை சாய்ந்துவிடும்.

ஃப்ளைவீல் இன்னும் லேத் பட்டறையில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் காரிலிருந்து எடுத்த இன்ஜின் என்றால் அதன் பழைய ஃப்ளெக்ஸ் தட்டை (ஃப்ளைவீலுக்குப் பதிலாக இருக்கும் மெல்லிய தட்டு) தூக்கிப் போடாதீர்கள். இந்த ஐந்து சிலிண்டரில் கிராங்கும் அதுவும் சேர்த்தே சமன் செய்யப்பட்டவை. புதிய ஃப்ளைவீலைத் தனியாகச் சமன் செய்தால் அதிரும், பழைய தட்டு காட்டும் அதே எடை விலகலை அதே இடத்தில் கொண்டுவர வேண்டும். லேண்ட் ரோவரின் 9.5 அங்குல கிளட்சுக்குத் துளையிடச் சொல்லியிருக்கிறேன், ஸ்ப்ளைன் (ஷாஃப்டின் பல் வரி) பொருந்தாத பிரச்சினை இருக்காது. ஃப்ளைவீல் போல்ட்கள் நீளும் வகை, புதிதாகத்தான் போட வேண்டும்.

இன்ஜினை நிறுத்துவது வாக்குவம் வழியாக. சாவியோடு வரும் மெர்சிடிஸ் வாக்குவம் வால்வு இங்கே இல்லாததால் டீசல் பம்பின் ஸ்டாப் லீவருக்கு ஒரு இழுவைக் கேபிள் போதும். வாக்குவம் பம்பை மட்டும் இப்போதே திறந்து பாருங்கள். அதன் பேரிங் உடைந்து உருண்டைகள் டைமிங் செயினில் விழுந்தால் இன்ஜினே போய்விடும்.

பழைய 2.25 லிட்டர் பெட்ரோலைவிட முறுக்குவிசை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆக்ஸில் விகிதம் 4.7 என்பதால் சாலையில் இன்ஜின் வீணாகக் கத்தும். ரேஞ்ச் ரோவர் கிளாசிக்கின் 3.54 விகித டிஃப் (ஆக்ஸிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல்) இரண்டு தேடுகிறேன், முன்னும் பின்னும் சேர்த்தே மாற்ற வேண்டும். லோ ரேஞ்சிலும் (கரடுமுரடான இடத்தில் மெதுவாகப் போகும் கியர் நிலை) வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும் என்பதுதான் தயக்கம். பின் ஆக்ஸிலில் சக்கரத்தைச் சுழற்றும் 10 ஸ்ப்ளைன் ஹாஃப் ஷாஃப்ட், 4.7 விகிதத்தில் இந்த இன்ஜினின் திடீர் இழுப்பைத் தாங்குமா என்பது சந்தேகம், அதனால் டிஃப் கிடைக்கும் வரை முதல் கியரில் கிளட்சைப் பட்டென்று விடுவதாக இல்லை.