ஏஐயும் அந்த 0.7 சதவீதமும்

புற்றுநோய்க் கட்டியை ஏஐ தேடிப்போய்த் தாக்குகிறது என்று அடிக்கடி ஒரு செய்தி கண்ணில் படுகிறது, ஏதோ ஏவுகணை கணக்காக. மருந்தைச் சுமந்து போகும் நுண்ணிய துகளுக்குள் எந்த ஏஐயும் உட்கார்ந்திருக்கவில்லை. அது ஆய்வகத்துக் கணினியில் இருக்கிறது; எந்தத் துகளைச் செய்து பார்க்கலாம் என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது.

அந்த வேலை ஏன் தேவைப்படுகிறது என்பதுதான் விஷயம். டாக்ஸோரூபிசின் என்று ஒரு கீமோ மருந்து, கட்டியைக் கொல்லும், கூடவே இதயத்தையும் கெடுக்கும். அதைச் சுமார் 100 நானோமீட்டர் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த டாக்ஸில் என்ற மருந்துக்கு 1995இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதயத்துக்கு வரும் கேடு குறைந்தது, சரி, ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிகிற தொல்லை வந்து சேர்ந்தது.

அப்புறம் 2016இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சான் குழு பத்து வருட ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டது. ஊசி வழியாகச் செலுத்திய இந்த மாதிரி நானோ துகள்களில் கட்டியை அடைந்தது, இடைநிலை மதிப்பாக, வெறும் 0.7 சதவீதம்! மிச்சத்தில் பெரும்பங்கு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும்தான் போகிறது.

துகளின் அளவு, மின்னூட்டம், மேல்பூச்சு, கொழுப்பின் வகை என்று எதை மாற்றினாலும் மற்றதெல்லாம் ஆட்டம் காணும், போதாததற்கு ரத்தத்தில் இறங்கியதும் புரதங்கள் வந்து மேலே அப்பிக்கொள்வதால் நாம் செய்த துகள் ஒன்று, உடம்பு பார்க்கிற துகள் வேறொன்று. இத்தனை சேர்மானங்களையும் கையால் செய்து பார்த்து மாளாது. இங்கேதான் இயந்திரக் கற்றல், அதாவது தரவைப் படித்துக் கற்கும் ஏஐ, உருப்படியாக உதவுகிறது, செய்து பார்க்க வேண்டியவற்றின் பட்டியலைச் சுருக்கித் தருகிறது.

ஆனால் அது எதைப் படித்துக் கற்றுக்கொள்கிறது? பெரும்பாலும் எலிகளில் எடுத்த தரவு. எலிக்குச் சில வாரங்களில் வளர்த்துவிட்ட கட்டியும், மனிதருக்குள் வருடக்கணக்கில் வளர்ந்த கட்டியும் ஒன்றல்ல. போதாக்குறைக்கு, தோற்ற சோதனைகள் பல கட்டுரையாகவே வருவதில்லை. வென்றதை மட்டும் படித்த மாடல் எதை ஒதுக்கச் சொல்லும்?

அதே சான் குழு 2020இல் ஒன்று காட்டியது: எலிக்கு ஒரு லட்சம் கோடிக்கு மேல் துகள்களைச் செலுத்தினால் துகள்களைப் பிடித்து விழுங்குகிற கல்லீரலின் குப்ஃபர் செல்கள் திணறிப்போய், கட்டிக்கு 12 சதவீதம் வரை சேர்கிறது. துகளின் வடிவமைப்பை மட்டும் மாற்றி மாற்றித் தேடுகிற மாடலுக்கு இது தட்டுப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.